எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறார்கள்?

டெல்டா பக்கத்து ஸ்டேஷன்களில் ரைட்டராக இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். வாயால் சொல்வதைப் புகாராக்கி, புகாரை எஃப்.ஐ.ஆர். ஆக்குவதுதான் ரைட்டர் வேலை. திருட்டு, அடிதடி, வரப்புத் தகராறு எல்லாம் வரும். பெரும்பாலானவற்றை விடிந்து பார்த்துக்கொள்ளலாம். அப்படித் தள்ளிப்போட முடியாத புகார்கள் மூன்று உண்டு. ஜி.ஹெச்.சில் டாக்டரை அடிக்கிறார்கள் என்பது ஒன்று. சாமி புறப்பாட்டை மறித்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. பிணத்தைக் கொண்டுபோக விட மாட்டேன் என்கிறார்கள் என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் ஊர்ப் பெரியவர்கள் ஒரே வசனத்தோடுதான் உள்ளே வருவார்கள். “கேஸெல்லாம் எதுக்குங்க ஏட்டய்யா, பேசி முடிச்சுக்குவோம்.” பேசி முடித்தால் நல்லதுதான். ஆனால், பேச்சு நடக்கிற நேரத்தில் வார்டில் நோயாளி கிடப்பான், தெருவில் பாடை கிடக்கும். இழப்பு யாருக்கு என்பது பேசி முடிக்க வந்தவருக்கும் தெரியும்.

வைத்தியம், வழிபாடு, இறுதிச் சடங்கு ஆகிய மூன்றையும் தடுப்பதை நம் சட்டம் சாதாரணச் சச்சரவாகப் பார்க்கவில்லை. தனித்தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு எஃப்.ஐ.ஆரில் ஏறுகிறதா இல்லையா என்பதில்தான் பாதி நியாயம் அடங்கியிருக்கிறது. இதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வழக்கமான மூன்று

தமிழ்நாட்டில் எந்த ஸ்டேஷனில் எந்தத் தகராறு என்றாலும் கை தானாக எழுதும் பிரிவுகள் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506. அசிங்கமாகத் திட்டியது, கையால் அடித்தது, மிரட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவையே 296(பி), 115(2), 351 என்று எண் மாறியிருக்கின்றன. பேருந்தில் இடம்பிடித்த சண்டைக்கும் இதுதான், சுடுகாட்டில் பாடையை மறித்ததற்கும் இதுதான் என்றால் சரியாகுமா?

ஒரு புகார் எப்படி மாறுகிறது என்று சொல்கிறேன். அப்பாவைப் புதைக்கப் போன மகன் ஒருவன் ஈர வேட்டியோடு ஸ்டேஷனுக்கு வந்தான். மேலில் சட்டை இல்லை, நெற்றியில் திருநீறு கரைந்திருந்தது. “குழி வெட்டி வெச்சாச்சு ஏட்டய்யா. எறக்க விட மாட்டேங்கிறாங்க. கெட்ட வார்த்தையில திட்டுறாங்க” என்றான். இதைக் கேட்டபடியே எழுதினால் திட்டியதும் மிரட்டியதும்தான் புகாரில் நிற்கும். அவனை உட்காரவைத்துக் கேட்டேன். பிரேதம் அப்போது எங்கே இருந்தது? சடங்கு தொடங்கிவிட்டதா? யார் யார் கூடியிருந்தார்கள்? மறித்தவர்கள் சுடுகாட்டுக்குள் வந்து மறித்தார்களா, பாதையிலா? என்ன சொல்லி மறித்தார்கள்? வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே புகுந்து, குழியில் மண்ணைத் தள்ளினார்கள் என்று பதில் வந்தது. அந்த இரண்டு வரி புகாரில் ஏறியதும் வழக்கே வேறாகிவிட்டது.

அடக்கத்தைத் தடுத்தால்

பழைய சட்டத்தின் 297, இன்றைய 301 என்ன சொல்கிறது? ஒருவர் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு, அல்லது புண்படும் என்று தெரிந்தே, வழிபாட்டு இடத்திலோ அடக்க இடத்திலோ அத்துமீறி நுழைவது குற்றம். பிரேதத்தை அவமதிப்பது குற்றம். இறுதிச் சடங்குக்குக் கூடியிருப்பவர்களுக்கு இடையூறு செய்வதும் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாரன்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யலாம். ஆனால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்.

தண்டனை குறைவுதானே என்று நினைக்கலாம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கையால் அடித்ததற்கும் மிரட்டியதற்கும் இரு தரப்பும் கோர்ட்டில் ராஜியாகப் போகலாம். சட்டமே வழி வைத்திருக்கிறது. சடங்கைத் தடுத்த குற்றம் ராஜிப் பட்டியலில் இல்லை. ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பயந்து புகார்தாரர் பின்வாங்கினாலும் வழக்கு அதனாலேயே மாஜிஸ்திரேட் முன்னால் கரைந்துவிடாது. 

இந்தப் பிரிவு 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. ஆனால் சென்னை நகரம் அதன் தேவையை உணர்ந்தது 2020 ஏப்ரல் 19ஆம் தேதி இரவில். நரம்பியல் அறுவை மருத்துவர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோக முடியாதபடி கூட்டம் கூடியது. அண்ணா நகர் வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, ஊழியர்களுக்கு ரத்தக் காயம். மனைவியும் மகனும் உடலை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. பிறகு அவருடைய நண்பரான எலும்பு மருத்துவர் ஒருவர், மருத்துவமனை ஊழியர் இருவரோடு போலீஸ் காவலில் உடலைத் திரும்பக் கொண்டுவந்து, நள்ளிரவு கடந்த நேரத்தில் தானே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார்.

மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்தது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் கண்ணியமான அடக்கமும் சேர்ந்ததே என்று நீதிபதிகள் எம்.சத்தியநாராயணன், எம்.நிர்மல்குமார் அமர்வு சொன்னது. ஏப்ரல் 26ஆம் தேதி தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தையோ தகனத்தையோ தடுத்தால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. பழைய பிரிவில் ஓராண்டு என்பது உச்சவரம்பு. இங்கே அதுவே கீழ்வரம்பு. 

கொரோனா காலத்துப் பீதி அது, போய்விட்டது என்று சொல்லலாம். போகாத ஒன்று இருக்கிறது.

பாதை யாருடையது?

எங்கள் மாவட்டம் அப்போது நாகப்பட்டினம். மயிலாடுதுறை இன்னும் பிரியவில்லை. 2016 ஜனவரியில் வழுவூரில் பட்டியல் சாதியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இறந்தார். பொதுத்தெரு வழியாகத்தான் கொண்டுபோவோம் என்று குடும்பம் கேட்டது. உயர் நீதிமன்றமும் அந்த வழியைத் திறந்துவிடச் சொன்னது. கடைசியில் நடந்தது வேறு. குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாகப் போலீசாரே உடலை எடுத்து வேறு வழியாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பந்தோபஸ்து என்று வண்டி வண்டியாக ஆட்கள் போனார்கள். காக்கவேண்டிய உரிமையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காத்தோம். காக்கி போட்டவன் என்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்குக் கூடுதலாக உண்டு.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி நாராயணபுரத்தில் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு சடலத்தைக் கயிறு கட்டி இறக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரைக்குப் போகும் வழி ஆதிக்க சாதியினரின் நிலத்தில் இருந்தது, வழி கிடைக்கவில்லை. அதையும் உயர் நீதிமன்றம் தானாகவே எடுத்து விசாரித்தது.

இந்த மாதிரிச் சம்பவத்துக்கு 301 போதாது. நம் ஊர்களில் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்று இன்னும் சொல்கிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 ஜனவரி 26 முதல் ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது: 3(1)(இசட்.ஏ). படித்துப் பார்த்தால் நான் முதலில் சொன்ன மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மற்றவர்களுக்குச் சமமாக இடுகாடு, சுடுகாட்டைப் பயன்படுத்துவதைத் தடுப்பது. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வழிபாட்டு இடத்தில் நுழைவதையோ சாமி ஊர்வலம் போவதையோ தடுப்பது. மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நுழைவதைத் தடுப்பது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

இந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடும் முன் ‘முதலில் விசாரித்துப் பார்க்கிறோம்’ என்று இழுத்தடிக்கவும் கூடாது. 2018 திருத்தம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமை தவறினால், போலீஸ்காரராகவே இருந்தாலும், நான்காம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை உள்ளே போகலாம். புகாரில் நீங்கள் மறக்காமல் சொல்ல வேண்டியது: உங்கள் சாதி, தடுத்தவர் சாதி, அது எல்லோரும் போகிற பாதைதானா என்பது. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓட்டையில்தான் நுழைவார்.

கும்பிடுகிற நேரத்தில் கலகம்

ஆடி, சித்திரை, பங்குனி வந்தால் ஸ்டேஷனில் யாருக்கும் லீவு கிடைக்காது. முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவில் நிற்க வேண்டும், மசூதி பக்கம் மேளம் அடிக்கலாமா, ஜெபக்கூட்டத்துக்கு எதிரே குழாய் ரேடியோ கட்டியது யார். தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ சமாதானக் கூட்டம் போடுவார். கையெழுத்து வாங்குவார்கள். பெரும்பாலும் அதோடு திருவிழா நடந்துவிடும்.

நடக்காதபோது உள்ளது 300ஆம் பிரிவு, பழைய 296. சட்டப்படி கூடி வழிபாடோ சமயச் சடங்கோ நடத்திக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தால் ஓராண்டு வரை சிறை. கோயில், மசூதி, தேவாலயம் என்று பிரிவு பார்ப்பதில்லை. இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பழைய 296ஐயும் புதிய 296ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது வழிபாட்டைக் கலைத்தது, பின்னது அசிங்கமாகப் பேசியது. எஃப்.ஐ.ஆரில் 296 என்று பார்த்து, சரியான பிரிவுதான் என்று திருப்தியோடு போனவர்கள் உண்டு. இரண்டு, இந்தப் பிரிவு நடந்துகொண்டிருக்கும் வழிபாட்டைத்தான் காக்கும். கோயில் யாருடையது, பரம்பரை அறங்காவலர் யார் என்ற வழக்கை அது தீர்க்காது. அதற்கு அறநிலையத் துறையும் சிவில் கோர்ட்டும் இருக்கின்றன. வழிபாட்டு இடத்தையோ புனிதப் பொருளையோ உடைத்தால், அசுத்தப்படுத்தினால் அது 298. ஜாமீனில் விட முடியாத குற்றம், இரண்டாண்டு வரை சிறை.

அதிகாரிகளுக்குக் கைவந்த இன்னொரு வழி உண்டு: பூட்டுப் போடுவது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் போவதில் தகராறு என்று 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் மாவட்ட நிர்வாகமும் போலீசும் கூடவே நின்று, காலகாலமாக வாசலில் நிறுத்தப்பட்ட மக்களை முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். இரண்டும் ஒரே அரசாங்கம், ஒரே சட்டம், ஒரே ஆண்டு. சீல் வைத்தால் அன்றைய சண்டை ஓயும். தடுத்தவன் நினைத்ததும் நடந்துவிடும். என்னைக் கேட்டால் தென்முடியனூர்தான் போலீஸ் வேலை.

காஷுவாலிட்டியில் கண்ணாடி உடையும்போது

ஜி.ஹெச். புறக்காவல் நிலையத்தில் இருந்தவர்களுக்கு இரவு ட்யூட்டி எப்படி என்று தெரியும். விபத்தில் அடிபட்டவனோடு இருபது பேர் வருவார்கள். காஷுவாலிட்டியில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். டாக்டர் சின்ன வயசுப் பெண்ணாகவும் இருப்பார். ‘ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில்’ எழுத ஆரம்பிப்பார்; ‘வைத்தியம் பாக்காம என்ன எழுதுற’ என்று ஒருவன் மேசையைத் தட்டுவான். அடுத்தது கண்ணாடி.

இதற்குத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் 48ஆம் சட்டம் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்கள் மீதும் மருத்துவ நிறுவனங்கள் மீதும் நடக்கும் வன்முறையைத் தடுக்கும் சட்டம். அடித்தால்தான் குற்றம் என்றில்லை. மிரட்டுவதும் பணி செய்ய விடாமல் மறிப்பதும் இதற்குள் அடங்கும். குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் பத்தாண்டு சிறை. ஸ்டேஷன் பெயில் கிடையாது. உடைத்த மருத்துவக் கருவியின் விலையைப்போல இருமடங்கு கட்ட வேண்டும். அரசு, தனியார் இரண்டுக்கும் பொருந்தும். நர்சுக்கும் பயிற்சி மாணவருக்கும் பொருந்தும். ஆம்புலன்சுக்கு வழிவிடாமல் போனால்கூட மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டம் வந்த பிறகும் 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, பணியில் இருப்பவர் தாக்கப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவமனைத் தலைமையே போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் உத்தரவிட்டது. இது முக்கியம். அடிபட்ட டாக்டரே ஸ்டேஷனுக்கு அலைந்தால், ‘வேலை கெட்டுப்போகுதே’ என்று மூன்றாம் நாள் ராஜியாகிவிடுவார். நிறுவனம் புகார் கொடுத்தால் அப்படி நழுவாது.

நோயாளிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கவனக்குறைவால் உயிர் போனது என்று நினைத்தால் சும்மா இருக்கச் சொல்லவில்லை. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். போலீசிலும் கொடுக்கலாம், 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி, சார்பில்லாத வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற்றுத்தான் போலீஸ் மேலே நடவடிக்கை எடுக்கும். கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள், பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள். உங்கள் வழக்குக்குச் சாட்சி அவைதான். கண்ணாடியை உடைத்த நிமிடத்தில் நீங்கள் புகார்தாரர் இல்லை, எதிரி. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.

மருத்துவமனை வாசலில் கோஷம் போடலாமா, மதுக்கடை கோயில் பக்கம் வேண்டாம் என்று மறியல் செய்யலாமா என்று கேட்பார்கள். எதிர்ப்பைச் சொல்லும் உரிமை அரசியலமைப்பு தந்தது. உள்ளே போகிற நோயாளியையும், கும்பிடுகிறவரையும், பாடை தூக்கி வருகிறவரையும் மறிக்காத வரையில் அந்த உரிமைக்கு ஒன்றும் ஆகாது.

ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் முன்

கடைசியாக நடைமுறை. சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. புகார் வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் சி.எஸ்.ஆர். சாட்சி, வழக்கு பதிவானது என்பதற்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ‘அது எங்க லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதிவு செய்ய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது.

நகல் கைக்கு வந்ததும் மேல்பக்கத்தில் சட்டப் பிரிவு என்ற கட்டத்தைப் பாருங்கள். சடங்கைத் தடுத்ததற்கு 301, வழிபாட்டைக் கலைத்ததற்கு 300, ஆஸ்பத்திரியில் கலாட்டாவுக்கு 48/2008, சாதி பார்த்துத் தடுத்ததற்கு 3(1)(இசட்.ஏ). இவை இல்லாமல் 296(பி)யும் 351ம் மட்டும் இருந்தால், எழுதியவரிடமே காரணம் கேளுங்கள். ‘பிரிவு போடறது எங்க வேலை’ என்பார். ஆமாம், அவர் வேலைதான். விட்டுப்போனதை எழுதிக் கொடுத்து, பிரிவைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கேட்காத இடத்தில் எந்தச் சட்டமும் தானாக எழுந்து வந்து எழுதிக்கொள்ளாது.